மகனை எதிர்த்து ஒரு வேட்புமனு

சென்ற வாரம் கண்டக்டரம்மாவைச் சட்டசபையில் எழுந்து நின்ற கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். சொந்தக் கட்சி கொண்டுவந்த தீர்மானத்துக்கு, சொந்தக் கட்சியின் வரிசையில் நின்றபடியே, "எதிர்க்கிறேன்" என்று ஒற்றைச் சொல் சொன்னாள். ஊர் நடுவில் இருக்கும் பஸ் டிப்போவை வெளியே துரத்திவிட்டு, அந்த இடத்தை ஒரு கட்டுமானக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கும் தீர்மானம் அது. தீர்மானம் என்னவோ நிறைவேறிவிட்டது. சட்டசபையும் கலைந்து தேர்தல் தேதி வந்துவிட்டது. ஆனால் அந்த ஒற்றைச் சொல் யார் யார் காதில் குத்த வேண்டுமோ அவர்கள் காதிலெல்லாம் குத்தி, அங்கேயே தங்கிவிட்டது.

அதற்கான பதில் இன்று காலை டிவியில் வந்தது.

கண்டக்டரம்மா கூடத்தில் நின்று துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்திலிருந்து வந்த பழக்கம். இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆன பிறகும் தன் துணியைத் தானேதான் தேய்ப்பாள். செய்தி வாசிக்கிற பெண் கட்சியின் வேட்பாளர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தாள். தொகுதியின் பெயரைச் சொன்னாள். அடுத்ததாக வேட்பாளரின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை வைத்தவளே கண்டக்டரம்மாதான். பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, மாமியாரோடு மல்லுக்கு நின்று வைத்த பெயர்.

"அத்தை! துணி தீயுது!"

மருமகள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. கண்டக்டரம்மா அதைப் பார்க்கவில்லை. டிவியில் சிரித்துக்கொண்டிருந்த மகனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது, அத்தை. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினார். கட்சி ஆபீஸ்ல வேலை இருக்குன்னார். நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக் கொடுன்னார்." மருமகள் நிறுத்தினாள். "நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

கடைசி வார்த்தையை அவள் மென்று துப்பிய விதத்தில், மகன் வீடு திரும்பும்போது சட்டைக்கு உத்தரவாதம் இல்லை என்று தெரிந்தது.

"உங்க மாமா எங்கே?"

"அவரும் சீக்கிரமே போயிட்டார். ஸ்டூடியோவுக்குன்னு நினைக்கிறேன்."

கண்டக்டரம்மாவின் கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். பத்து மணிக்கு முன்னால் கடை ஷட்டரைத் தொட்டதில்லை. அதை யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

கட்சியின் மாவட்டச் செயலாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மாவட்டம்' என்பார்கள். மாவட்டம் சாப்பிட்டாச்சா, மாவட்டத்துக்குத் தலைவலியாம், மாவட்டம் மதியம் தூங்குது, என்பார்கள். அவரும் தன்னை ஒரு நிலப்பரப்பாகவே நினைத்துக்கொண்டு நடப்பார். உள்ளே வந்து, யாரும் சொல்வதற்கு முன்பே பெரிய நாற்காலியில் பரவினார்.

"அக்கா, நீங்க கோபப்படக் கூடாது."

"கோபமா? எனக்கு எதுக்கு? துணிதான் தீஞ்சுபோச்சு. உக்காருங்க. ஓ, உக்காந்துட்டீங்களா?"

"தலைமை எடுத்த முடிவு, அக்கா. ஆனா ஒண்ணு பாருங்க, சீட்டு உங்க வீட்டு வாசப்படியைத் தாண்டலை. பெத்த பிள்ளைக்குத்தானே கொடுத்திருக்கோம்?"

"பிள்ளையைப் பெத்தது நான். சீட்டைக் கொடுத்தது நீங்க. ரெண்டையும் ஒரே பையில போட்டுக் குலுக்காதீங்க." கண்டக்டரம்மா உட்காரவில்லை. "டிப்போவைப் பத்தி அவன் வாயைத் திறப்பானா?"

"தம்பி கட்சிக் கட்டுப்பாடு தெரிஞ்சவர்."

"அப்போ திறக்க மாட்டான்."

மாவட்டம் சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்கினார். "உங்களை அப்படியே விட்டுடுவோமா? போக்குவரத்து வாரியத் தலைவர் பதவி காலியா இருக்கு. கார் உண்டு, உதவியாளர் உண்டு. நிம்மதியா இருங்க."

"பஸ்ஸே ஓடாத ஊர்ல வாரியம் எதுக்கு? காரைத் துடைக்கவா?"

சுவரோரம் நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாவட்டத்தின் முகம் கொஞ்சம் சுருங்கிப் பிறகு விரிந்தது. எழுந்துகொண்டார். பேச்சு முடிந்தது, வேலையும் முடிந்தது என்கிற நிம்மதி அவர் குரலில் இருந்தது.

"வருத்தம் இருக்கும். நாலு நாள்ல சரியாயிடும். என்ன பண்ணப் போறீங்க, அக்கா? பெத்த பிள்ளையை எதிர்த்து நிக்கவா போறீங்க?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு வருகிற வரைக்கும் கண்டக்டரம்மாவுக்கு அப்படி ஓர் எண்ணம் கடுகளவும் இல்லை. இது நிஜம். அழலாமா, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாமா, மகனைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாமா என்றுதான் மனம் தடுமாறிக்கொண்டிருந்தது. மாவட்டம் சிரிக்காமல் போயிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும்.

கார்கள் கிளம்பும் வரை அவள் வாசலில் நின்றாள். திரும்பி வந்து மருமகளிடம் கேட்டாள்:

"மனு போட இன்னைக்குத்தானே கடைசி?"

"மூணு மணி வரைக்கும்."

"உன் வண்டி காலியா இருக்கா?"

மருமகள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்ன கார், கூரை மேல் மஞ்சள் பலகை, முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்த வண்டி சட்டசபை கலைந்த அன்றே போய்விட்டது. கண்டக்டரம்மா கற்றுக்கொள்ள வந்தவள் மாதிரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

போகிற வழியில் லாரிகள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

"பார்த்தியா? எம்.எல்.ஏ.ன்னு எழுதி ஒட்டியிருந்தப்போகூட இந்த மரியாதை கிடைக்கலை," என்றாள்.

மருமகள் சிரிக்கவில்லை. கியரை மாற்றினாள். "அத்தை, நிஜமாவே நிக்கப் போறீங்களா?"

"ஏன், பிரேக் போடலாம்னு பார்க்கிறியா?"

"இல்லை. தெரிஞ்சுக்கிட்டா அதுக்கேத்த வேகத்துல போகலாம்."

சுயேச்சையாக நிற்பது அவளுக்குப் புதிதில்லை. முதல் தேர்தலில் அப்படித்தான் நின்றாள். பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிக்கெட் கொடுத்தவள், கட்டண உயர்வுக்கு எதிரான வேலைநிறுத்தத்தில் குரலை உயர்த்தியதால் வேலையை இழந்தாள். அந்தச் சூட்டோடு தேர்தலில் நின்று டெபாசிட்டையும் இழந்தாள். பயணிகள் சில்லறையைக்கூடச் சரியாகக் கொடுப்பதில்லை, ஓட்டையா கொடுப்பார்கள் என்று ஊர் கேலி பேசியது. அடுத்த தேர்தலுக்கு ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாக நின்று பேசினாள். எல்லா நிறுத்தத்திலும் அவளுக்கு யாரையாவது தெரிந்திருந்தது. கட்சி தானாக வந்து கூப்பிட்டது. ஜெயித்தாள். அதற்கடுத்த முறை இன்னும் பெரிதாக ஜெயித்தாள்.

அவள் செய்ததில் பெரியது எது என்று கேட்டால் ஊர் ஆயிரம் சொல்லும். அவளைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வாள்: நூல் மில் பஸ். ஷிப்ட் முடிந்து இருட்டில் கூட்டமாகக் கைகோத்து நடந்த பெண்களுக்கு, மில் வாசலிலேயே வந்து நிற்கும் கடைசி பஸ். விடிவதற்குமுன் முதல் பஸ். டிப்போ ஊர் நடுவில் இருப்பதால்தான் அந்த இரண்டு நடையும் ஓடுகின்றன. டிப்போ வெளியே போனால் காலி பஸ்ஸை அவ்வளவு தூரம் ஓட்டி வருவது கட்டுப்படியாகாது என்பார்கள். முதலில் வெட்டு விழுவது அந்த இரண்டுக்கும்தான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும் இது தெரியும். அவர்களில் யாரும் பஸ்ஸில் போவதில்லை, அவ்வளவுதான்.

கார் டிப்போ வாசலில் நின்றது.

கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரு கையெழுத்து போதும். சுயேச்சைக்குப் பத்து வேண்டும். பத்துப் பேர்தானே என்று இறங்கினாள் கண்டக்டரம்மா. டிப்போவில் அவளைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

தெரிந்திருந்ததுதான் தொல்லையாகப் போயிற்று.

"அக்கா, ஓட்டு உங்களுக்குத்தான். வீட்டுல எல்லா ஓட்டும் உங்களுக்கு. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க," என்றார் டைம் கீப்பர். மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைக் காட்டி, பேனா பிடிக்க முடியாது என்றார். துடைக்கத் துணி கொடுத்தபோது இன்னும் கொஞ்சம் கிரீஸைப் பூசிக்கொண்டார். கோபிக்கவும் முடியவில்லை. தன்னை வேலையிலிருந்து தூக்கியபோது வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவளோடு ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒருவர் இருந்தார். ரிட்டயர் ஆனபின்னும் பழக்கதோஷத்தால் தினமும் டிப்போவுக்கு வந்து, வண்டி எடுப்பவர்களைத் திட்டிவிட்டுப் போவார்.

"எனக்கு எவன் மெமோ கொடுப்பான்? கொடு இங்கே," என்று பேனாவைப் பிடுங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். "நீ விசில் அடிச்சு நான் என்னைக்கு வண்டி எடுக்காம இருந்தேன்?"

அந்த நேரத்துக்குக் காலை ஷிப்ட் முடிந்த மில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் உள்ளே வந்தது. தலையில் பஞ்சு ஒட்டியபடியே இறங்கினார்கள். விஷயம் அவர்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. டிவி எல்லா இடத்திலும் இருக்கிறதே.

அவர்களில் மூத்தவள், எல்லோரும் 'மேஸ்திரி' என்று கூப்பிடுகிறவள், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பிள்ளையை எதிர்த்தா நிக்கிறே?"

"ஆமாம்."

"உங்க வீட்டுச் சண்டையை எங்க தலையில கட்டாதே. இன்னைக்கு அடிச்சுக்குவீங்க, நாளைக்கு ஒரே தட்டுல சாப்பிடுவீங்க. நடுவுல நாங்க பைத்தியக்காரங்களா?"

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்டக்டரம்மா கையமர்த்தினாள்.

"வீட்டுச் சண்டைன்னா வீட்டுலயே போட்டு வீட்டுலயே ஜெயிச்சிருப்பேன். எங்க வீட்டுல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "என் பிள்ளை நல்லவன். ஆனா அவன் ஜெயிச்சா இந்த டிப்போ போகும். டிப்போ போனா உங்க பஸ் போகும். நான் தோத்தாலும் போகும்தான். ஆனா சும்மா போகாது. போகவிடாம ஒருத்தி கத்தினான்னு இருக்கும். அதுக்குத்தான் கையெழுத்து கேக்கிறேன். நாளைக்கு நானும் அவனும் ஒரே தட்டுல சாப்பிடறதும் சாப்பிடாததும் எங்க பாடு."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள்.

"பேனா எங்கே?"

அவள் போட்டதும் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம்தான் மேஜை. ஒன்பது ஆயிற்று. பத்தாவதாக வந்தவர் டிப்போ வாசல் டீக்கடைக்காரர். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். பேனாவை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிச்சிடுங்க, அக்கா. கடை இருக்கிற இடம் அவங்க கையில."

"பரவாயில்லை. டீ நல்லா இருந்தது," என்றாள் கண்டக்டரம்மா. அவள் டீயே குடித்திருக்கவில்லை.

மில் பெண்களில் மீதிப்பேருக்கு ஓட்டு அடுத்த தொகுதியில். வாசலைத் தாண்டி ஆள் தேடலாம் என்றால் மாவட்டத்தின் ஆட்கள் இரண்டு பைக்கில் வந்து எதிரே நின்றுகொண்டார்கள். அவர்களைப் பார்த்ததும் தெருவில் நடந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

மருமகள் பேனாவைக் கையில் வாங்கினாள்.

"நீ வேண்டாம்," என்றாள் கண்டக்டரம்மா.

"ஏன்? எனக்கு ஓட்டு இல்லையா?"

"அவன் உன் புருஷன். நான் போடற சண்டை வேற. நான் அம்மா, என்னை அவன் என்ன பண்ணிட முடியும்? நீ அப்படியில்லை. நாளைக்கும் அவன் கூடத்தான் இருக்கணும்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன், அத்தை. நல்ல சட்டை எடுத்துக் கொடுன்னு கேக்கத் தெரிஞ்சவருக்கு, எதுக்குன்னு சொல்லத் தெரியலை. இன்னைக்கு நான் இதைச் சும்மா விட்டா, அவருக்கு இனிமே எதையும் சொல்லணும்னே தோணாது." தகரத்தின் மேல் தாளை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். "வண்டியில ஏறுங்க. நேரமாகுது. இன்னைக்கு எல் போர்டு வண்டி எப்படிப் போகும்னு பாருங்க."

தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் பெஞ்சுகள். ஒரு கோடியில் கட்சிக்காரர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மகன். நல்ல சட்டை. அவன் பக்கத்தில் பெஞ்சின் விளிம்பில், காத்திருப்பவர் போலவும் ஓடத் தயாரானவர் போலவும் உட்கார்ந்திருந்தார் கண்டக்டரம்மாவின் கணவர்.

அவளைப் பார்த்ததும் எழுந்தார். ஒளிக்கத் தெரியாத மனிதர். முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

"நீங்கதான் முன்மொழிஞ்சீங்களா?"

"ஆமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா விட்டிருப்பியா?" அவர் குரல் தணிந்திருந்தது, ஆனால் உடையவில்லை. "கல்யாணமான நாளா உன்னை ஊர்தான் வெச்சுக்கிட்டிருக்கு. முதல்ல பஸ், அப்புறம் கட்சி, அப்புறம் சட்டசபை. நான் குறை சொன்னேனா? இனிமேலாவது வீட்டுல இருப்பேன்னு நினைச்சேன். அவனும் ஆசைப்பட்டான். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து வந்தது. போட்டுட்டேன்."

தாழ்வாரமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மாவட்டம் சிரித்தபோது வராத கண்ணீர் கண்டக்டரம்மாவுக்கு இப்போது வரப் பார்த்தது. அதை வரவிடவில்லை.

"வீட்டுல இருன்னு நீங்க என்கிட்ட கேட்டிருக்கணும்," என்றாள். "கேட்டிருந்தா ஒருவேளை இருந்திருப்பேன். கேக்காம முடிவு பண்ணினா நான் எந்த முடிவுக்கும் கட்டுப்படமாட்டேன். அது உங்களுக்குத் தெரியாதா?"

மகன் நடுவில் வந்தான்.

"அம்மா, இங்கே வேண்டாம். வீட்டுல பேசலாம்."

"வீட்டுல பேசியிருக்கணும்டா. நேத்து ராத்திரி ஒரே மேஜையில உக்காந்துதானே சாப்பிட்டோம்?"

"பேசினா கொடுத்திருப்பியா?" அவன் குரல் எகிறியது. "பத்து வருஷமா உன் ஆபீஸை நான் நடத்தினேன். உன் பேருக்கு வந்த எல்லா மனுவையும் நான் படிச்சேன். யார் வீட்டுக் குழாயில தண்ணி வரலைன்னு எனக்குத் தெரியும். ஆனா எந்தப் போட்டோவை எடுத்துப் பாரு, உன் தோளுக்குப் பின்னாடி பாதி முகம், அதுதான் நான். கேட்டிருந்தா கொடுத்திருப்பியாம்மா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

கண்டக்டரம்மா யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் அது நன்றாகவே எடுபட்டிருக்கும்.

"கொடுத்திருக்க மாட்டேன்," என்றாள். "நீ அதைக் கேட்டு என்கிட்ட சண்டை போட்டிருக்கணும். மாவட்டத்துக்கிட்ட போய் வாங்கியிருக்கக் கூடாது."

மகனின் கண் அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னால் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தான். கடைசியாக இருந்த கையெழுத்தையும் பார்த்தான்.

"நீயுமா?"

"சட்டை நல்லா இருக்கு," என்றாள் மருமகள். "வழியை விடுங்க. மணியாகப் போகுது."

மூன்று அடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். தேர்தல் அதிகாரி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. உறுதிமொழியை நின்றபடி படிக்கச் சொன்னார்.

கண்டக்டரம்மா படித்தாள். ஓடுகிற பஸ்ஸின் முன் வாசலில் நின்று கடைசி சீட் வரை எட்டுகிற மாதிரி பேசிப் பழகிய குரல் அது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாழ்வாரத்தில் கட்சிக்காரர்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"மெதுவாப் படிச்சாப் போதும், மேடம்," என்றார் அதிகாரி.

"எனக்கு மெதுவா வராது, சார்," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தொடர்ந்தாள்.

சாயங்காலம் வீடு வழக்கமில்லாத அமைதியில் இருந்தது. ஒரே சமையல், ஒரே மேஜை. சோற்றை வைத்தவள் மருமகள். மகன் வரவில்லை. கணவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க," என்றாள் கண்டக்டரம்மா. "எதிர்க்கட்சிக்குச் சோறு கிடையாதுன்னு நான் எங்கேயும் அறிவிக்கலை."

அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "ஒண்ணு சொல்லணும். சொன்னா உனக்குச் சாதகமாப் போகுமா, பையனுக்குப் பாதகமாப் போகுமான்னு தெரியலை. ஆனா மனசுல வெச்சுக்க முடியலை."

"சொல்லுங்க."

"நாங்க மனு கொடுத்தப்பவே மாவட்டமும் மனு போட்டார். மாற்று வேட்பாளரா."

எந்தக் கட்சியும் தன் வேட்பாளருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நிறுத்துவதற்கென்று இன்னொருவரையும் மனு போடச் சொல்லும். பெயருக்குத்தான். அது எப்போதும் கட்சி ஆபீஸில் நாற்காலி எடுத்துப் போடுகிற ஒரு கிழவராக இருக்கும். மாவட்டம் மாதிரி ஆள் அந்த வேலைக்கு வருவாரா?

"அதுக்கு ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன். நான் எடுத்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் ஸ்டூடியோவுக்கு வந்து எடுத்துக்கிட்டார். மனுவுக்குன்னு கேட்கிற அதே அளவு, பின்னாடி வெள்ளைத் திரை. பாஸ்போர்ட்டுக்குன்னு சொன்னார். நானும் நம்பினேன்."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியா?" என்றாள் மருமகள். "அத்தை சட்டசபையில பேசினதே போன மாசம்தானே?"

கண்டக்டரம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். மனசுக்குள் எல்லாம் கடகடவென்று இடம் பிடித்து உட்கார்ந்தன. அம்மா நிற்கக் கூடாது. அதற்காகப் பிள்ளையை நிறுத்து. எந்தத் தாய் பிள்ளையை எதிர்ப்பாள்? மனு போடும் நாள் போய்விடும். வாபஸ் வாங்கும் நாளில் பிள்ளையிடம் ஏதாவது சொல்லி, எதையாவது காட்டி விலக வைத்துவிடு. பிறகு கட்சி வேட்பாளர் யார்? பெரிய நாற்காலியில் பரவி உட்காரத் தெரிந்தவர்.

"அவனுக்குச் சீட்டே கொடுக்கலைங்க," என்றாள் மெதுவாக. "இடம் பிடிச்சு வைக்கத் துண்டு போடற மாதிரி, அந்த ஆளு என் பிள்ளையைப் போட்டிருக்கான்."

வாசற்கதவு திறந்தது. மகன் உள்ளே வந்தான். கடைசி வார்த்தைகள் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றான்.

அப்பா போட்டோ விஷயத்தை மறுபடி சொன்னார். மகன் கேட்டான். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"இது அம்மா கட்டின கதை. என்னை விலக வைக்கிறதுக்கு."

"விலகவா?" கண்டக்டரம்மா எழுந்துகொண்டாள். "நீ விலகக் கூடாதுடா! அதைச் சொல்லத்தான் நான் காத்திட்டிருக்கேன். எவன் வந்து கேட்டாலும் வாபஸ் வாங்காதே. என்னை எதிர்த்து நின்னு தோத்தா நீ தோத்துப்போன மனுஷன். அதுல கேவலம் இல்லை, நானும் தோத்திருக்கேன். அவங்க சொல்லி எழுந்து போனா நீ ஒண்ணுமே இல்லை. நில்லு. நின்னு என்கூட மோது. நான் ஒரு ஓட்டுகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"அவ்வளவு நிச்சயமா ஜெயிச்சிடுவியா?"

"யாருக்குத் தெரியும்? இந்தத் தடவையும் டெபாசிட் போகலாம். தோக்க எனக்குத் தெரியும். விலகத்தான் தெரியாது."

மகன் ஏதோ சொல்ல வந்தான். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். திரையில் இருந்த பெயரை நான்கு பேரும் பார்த்தார்கள்.

மாவட்டம்.

அது அடித்துக்கொண்டே இருந்தது. மகன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். காலையிலிருந்து தன்னோடு பேசாத மனைவியைப் பார்த்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். போனை மேஜை நடுவில், சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரை அழுத்தினான்.

"தம்பி," என்றது மாவட்டத்தின் குரல், காலையில் இருந்த அதே நிம்மதியோடு. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

கண்டக்டரம்மா சோற்றுப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தினாள்.

"யாரும் இல்லை," என்றான் மகன். "சொல்லுங்க."